சூடு தெரியாத கை

மார்ச் 4

அக்காவுக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாய். சரி. ஸ்பேர் பார்ட்ஸ் வண்டிக்காரர் அடிக்கடி நீ இருக்கும் பக்கம் போகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தைக் கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்க உன்னால் முடியாது. உன்னை எனக்குத் தெரியாதா?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வக்கீலின் கறுப்பு வண்டி பாலிஷுக்கு வந்தது. வேலை முடிந்து அவர் வந்து பார்த்தபோது பானெட்டின் நடுமேட்டில் விரல் நீளத்துக்குக் கறுப்பு போய் அடியில் இருக்கும் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. முன்பக்க பம்பரின் மூலையில் மேலே கண்ணாடி போல் இருக்கும் கிளியர் கோட் வெந்து, பால் ஆடை மாதிரி சுருங்கிக் கிடந்தது. "இது யாரோட வேலை?" என்று கேட்டார். "அக்கா வேலை சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? நம் கடையில் பெயின்ட் அடிப்பது நான், பாலிஷ் போடுவது நீ. ஊருக்கே தெரிந்த கணக்கு அது. அதைச் சொன்னதற்கு ஏப்ரனைக் கழற்றி டிரம் மேல் எறிந்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு, மாடியில் படித்துக்கொண்டிருந்த என் மருமகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாய். போயும் போயும் ஒரு டயர் கடைக்கு.

அந்த வக்கீல்தான் வாடகைக் கார் கம்பெனிக்கும் வக்கீல் என்பது உனக்கு மறந்துவிட்டதா? அவர் தலையசைத்தால் அந்தக் கம்பெனியின் வண்டிகள் எல்லாம் நம் வாசலில் நிற்கும். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பாலிஷ் போட்டவங்க வந்து தப்புன்னு ஒத்துக்கட்டும், அப்புறம் மத்ததைப் பேசலாம்." இவ்வளவுதான். வா, தலையைக் குனிந்து ஒரு வார்த்தை சொல். குனிந்தால் கழுத்து ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது.

சூடு ஏறியதை நீ பார்த்திருக்க வேண்டும். புதிதாக வாங்கிய வெப்பம் பார்க்கும் துப்பாக்கி சுவரில்தான் தொங்கியது. நான் பார்த்தபோது பானெட் சாதாரணச் சூட்டில்தான் இருந்தது. அதன் பிறகு நீ என்ன செய்தாயோ.

என் வீட்டுக்காரி உன்னைக் கேட்கிறாள். அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கத் தினமும் துணியைத் தேட வேண்டியிருக்கிறதாம். நீ இருந்தவரை அந்தத் துணியே எங்கள் வீட்டில் கிடையாது.

தம்பி

*

மார்ச் 6

சின்னவனுக்கு,

கடைசி வரை படித்தேன். இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, நீ எங்காவது ஓர் இடத்தில் உண்மையைத் தவறிப்போய் எழுதியிருப்பாய் என்று தேடிப் படித்தேன். இருந்தது. "நான் பார்த்தபோது பானெட் சாதாரணச் சூட்டில்தான் இருந்தது." நீ எதற்கு என் பானெட்டைப் பார்த்தாய்? பாலிஷ் போடுவது நான், பெயின்ட் அடிப்பது நீ, ஊருக்கே தெரிந்த கணக்கு அல்லவா?

நானே சொல்கிறேன். வக்கீல் வண்டியை நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, கழுவித் துடைத்து, மேடு விளிம்பு எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். மேட்டில் பெயின்ட் மெல்லிசாகத்தான் நிற்கும், மெஷின் அங்கே சாய்ந்தால் சூடு ஒரு கோட்டில் குவிந்துவிடும் என்பது பெயின்ட் அடிக்கிற உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பானெட்டை ஒரு சுற்று முடித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை அங்கே நிம்மதியாக இருக்க முடியாவிட்டால் மெஷினும் அங்கே இருக்கக்கூடாது. இதுதான் என் சட்டம். அதன்பின் சாப்பிட மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது பானெட்டில் இருந்த டேப் பானெட்டில் இல்லை. சுருட்டி எறிந்த உருண்டை என் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்பாஞ்ச் பேட் மாட்டியிருந்த மெஷினில் முரட்டுத்தனமாகத் தேய்க்கும் உல்லன் பேட் இருந்தது. உன் அவசரம் எனக்குத் தெரியும், மினுமினுப்பைச் சீக்கிரம் ஏற்றிவிடலாம் என்று நினைத்திருப்பாய். அப்போது நான் குனிந்து பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே உன்னை உலுக்கியிருப்பேன். நேரே பம்பருக்குப் போய்விட்டேன்.

அந்தத் துப்பாக்கியை எங்கே நின்று பிடித்தாய்? நான் பார்த்திருக்கிறேன். ஏதோ கொள்ளைக்காரனை மடக்குகிறவன் மாதிரி நாலடி தள்ளி நின்று நீட்டுவாய். சிவப்புப் புள்ளி விழும் இடத்தின் சூட்டை மட்டும் அது சொல்கிறது என்று உனக்கு நினைப்பு. தள்ளி நின்றால் அது ஒரு பெரிய தட்டு அளவு இடத்தை மொத்தமாகப் பார்த்துச் சராசரி சொல்லும். நடுவில் ஒரு கோடு எரிந்துகொண்டிருந்தாலும் சுற்றி ஆறிக் கிடப்பதை எல்லாம் சேர்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும். உன்னைப் போலவேதான், பிரச்சினையை விட்டுத் தள்ளி நின்று எல்லாம் சரி என்று சொல்லும் சாமான்.

தலை குனிய மாட்டேன். செய்யாத வேலைக்கு மன்னிப்புக் கேட்டால், செய்த வேலைக்கு எவன் மரியாதை தருவான்? இங்கே டயர் கடையில் பாதி இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பின்னால் ஓர் அறை. ரப்பர் நாற்றத்தில் உன் மருமகள் படிக்கிறாள், குறை சொல்லவில்லை. இன்னும் ஒரு வண்டியும் வரவில்லை. வக்கீல் நாலு இடத்தில் சொல்லிவிட்டார், "அந்தம்மா பெயின்டை எரிச்சுடுவாங்க" என்று. என் கையில் இருப்பது இந்தத் தொழில் ஒன்றுதான், இந்தப் பெயரை வைத்துத்தான் நாளைக்கு உலை வைக்க வேண்டும்.

எனக்கு வேண்டியதும் ஒரே ஒரு வாக்கியம். அதே வக்கீல் முன்னால் நின்று, "பானெட் நான் பண்ணினது" என்று சொல். அதன் பிறகு மற்றதைப் பேசலாம்.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

வண்டிக்காரர் கடிதத்தைக் கொடுக்கும்போதே ஒரு மாதிரி சிரித்தார். அவரிடம் என்ன சொல்லி அனுப்பினாய்?

டேப்பை எடுத்தேன். எடுத்தால் என்ன? டேப் ஓரத்தில் காம்பவுண்ட் பசை அப்பிக் கோடு விழுகிறது, அதைத் துடைத்து எடுக்க இன்னொரு வேலை. நீ சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஒரு கை போட்டு வைத்தேன், உனக்கு உதவியாக இருக்கட்டும் என்று. அவ்வளவுதான். ஒரு கை போட்டதால் பெயின்ட் போகுமா? நீ ஏற்கெனவே தேய்த்து மெல்லிசாக்கி வைத்திருந்தாய், அதனால் போயிருக்கும். துப்பாக்கியைக் குறை சொல்லாதே. பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கையை வைத்துப் பார்க்கிறேன், மூக்கை வைத்துப் பார்க்கிறேன் என்றால் கம்பெனிக்காரன் சிரிப்பான்.

சரி, பானெட்டை விடு. பம்பர்? அதை நான் தொடவே இல்லை. டேப் உன்னுடையது, பேட் உன்னுடையது, கை உன்னுடையது. மூலையில் ஆடை மாதிரி சுருங்கியதே, அது யார் கைவரிசை? உன் கடிதத்தில் பம்பரைப் பற்றி "நேரே பம்பருக்குப் போய்விட்டேன்" என்பதோடு சரி. அதற்கு மேல் ஒரு வரி இல்லை. நானும் கடைசி வரை படிக்கிறவன்தான்.

நேற்று அடுப்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி பாத்திரத்தை இறக்கத் துணி தேடினாள். அப்போதுதான் உறைத்தது. உன் கை முதலில் அடுப்படியிலும் பிறகு வருஷக்கணக்காக மெஷினைப் பிடித்தும் காய்த்துப் போன கை. கொதிக்கும் பாத்திரத்தை வெறும் கையால் இறக்கி வைத்துவிட்டு, என்னவோ பூவைத் தொட்ட மாதிரி நிற்பாய். சின்ன வயதில் நான் அதைச் சொல்லி எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன், எங்க அக்காவுக்குச் சூடே தெரியாது என்று. சூடே தெரியாத கையை வைத்துத்தான் நீ பம்பரின் சூட்டைப் பார்த்தாய். கை நிம்மதியாக இருந்தால் மெஷின் இருக்கலாம் என்பது உன் சட்டம். உன் கை எரிகிற கொள்ளியிலும் நிம்மதியாக இருக்கும்.

இதற்கு என்ன பதில்?

தம்பி

*

மார்ச் 10

எழுதாமல் இருந்திருப்பேன். பலகை விஷயம் காதுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

வாசல் பலகையில் "அக்கா தம்பி கார் பாலிஷ்" என்று இருந்ததில் "அக்கா" மேல் வெள்ளை அடித்துவிட்டாயாம். வண்டிக்காரர் சொன்னார். அவர் தானாகச் சொல்லவில்லை, மூஞ்சியைப் பார்த்து நான்தான் பிடுங்கினேன்.

கீழே தேய்த்துவிடாமல், ஒரே கோட், அதுவும் வெயில் விழும் பலகையில். நீ ஒரு பெயின்டர். அது நிற்குமா? உரிந்து கீழே இருக்கிற எழுத்து பழையபடி வெளியே வரும், எல்லோரும் படிப்பார்கள். என்னை அழிப்பதிலாவது கொஞ்சம் சிரத்தை எடுத்துச் செய்திருக்கலாம்.

என் கையைப் பற்றி இனி ஒரு சொல் எழுதாதே. அந்தக் கை இறக்கி வைத்த பாத்திரத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன் நீ.

*

மார்ச் 17

சின்னவனுக்கு,

என் கையைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை. பதிலாக இரண்டு டம்ளரில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ஒன்றை உன் மருமகளிடம் கொடுத்தேன், ஒன்றை நான் பிடித்தேன். அவள் தொட்ட மாத்திரத்தில் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டே நின்றேன். "அம்மா, கீழ வைம்மா, பார்க்கவே பயமா இருக்கு" என்றாள். வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தேன். லேசாகக்கூடச் சிவக்கவில்லை.

அதோடு விடவில்லை. டயர் கடைக்காரரின் ஓட்டை வேனில் ஒரு பம்பர் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கினேன். மெஷினை ஓட்டினேன், நிறுத்தினேன், உள்ளங்கையை வைத்தேன். இதமாக இருந்தது. அதே இடத்தில் மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்தேன். சுரீர் என்றது, கையைத் தானாக இழுத்துக்கொண்டேன். தகரமாக இருந்தால் சூட்டை நாலு பக்கமும் பரப்பிவிடும். பம்பர் பிளாஸ்டிக், வாங்கிய சூட்டை வாங்கிய இடத்திலேயே வைத்துக்கொள்ளும். காய்த்த தோலுக்கு அது தெரிவதற்குள் கிளியர் கோட் வெந்திருக்கும். பிறகும் இரண்டு மூன்று முறை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு கத்தியது, உள்ளங்கை சும்மா இருந்தது.

ஆக, பம்பர் என்னுடையது. எழுதிவிட்டேன், ஆடாதே.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு செய்ததற்காக இல்லை. இத்தனை வருஷம் எதைப் பெருமை என்று நினைத்தேனோ அது என்னை ஏமாற்றியிருக்கிறதே என்றுதான். எனக்கு என் கை மேல் அவ்வளவு கோபம். அதை என்னிடம் சொன்னவன் நீ என்பதால் உன் மேல் இன்னும் கோபம்.

ஆனால் ஒன்று. கை போனால் என்ன, மணிக்கட்டு இருக்கிறது. வேகத்தைக் குறைக்கிறேன், பிளாஸ்டிக்கில் இன்னும் குறைக்கிறேன், பேட்டைத் தட்டையாக வைத்து ஓர் இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்கிறேன், காம்பவுண்ட் காய்வதற்குள் நிறுத்துகிறேன். வேலையை விடப் போவதில்லை. வக்கீலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இங்கே வரச் சொல்லி. உனக்காக அல்ல, உன் கம்பெனிக்காகவும் அல்ல. என்னுடையதை நான் சொல்வேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. உன்னுடையதையும் என் தலையில் கட்டிக்கொள்ள மாட்டேன், அதிலும் எனக்கு வெட்கம் இல்லை.

அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

வக்கீலைக் கூப்பிடாதே. கூப்பிட்டுவிட்டாய் என்றால் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப் போடு. நிதானமாகக் கேள்.

பம்பர் உன்னுடையது என்று நீ ஒத்துக்கொண்டதே எனக்குப் போதும். நான் பெருமையடிக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் நீ அவரிடம் போய் பம்பர் என்னுடையது, பானெட் என்னுடையது இல்லை என்று பிரித்துப் பேசினால், அடுத்த கேள்வி என்ன என்று உனக்குத் தெரியாதா? அவர் வக்கீல். தோண்டித் துருவிக் கேட்பதற்கே அவருக்குச் சம்பளம்.

எனக்கு ஒரு யோசனை. பழைய வண்டி, பெயின்ட் ஏற்கெனவே மெல்லிசாக இருந்தது, யார் தொட்டாலும் போயிருக்கும் என்று சொல்லிவிடுவோம். அல்லது காம்பவுண்ட் சரியில்லை, வேறு சரக்கு மாறி வந்துவிட்டது என்போம். நீயும் தப்பிக்கலாம், நானும் தப்பிக்கலாம். பலகையில் மறுபடி எழுதிவிடுகிறேன். நீ மாடிக்குத் திரும்பி வா. இந்த வாரத்துக்குள் கம்பெனிக்கு வக்கீல் பதில் சொல்ல வேண்டுமாம்.

நான் வாங்கிய மெஷின், கட்டிய ஷெட், எல்லாம் அந்த வண்டிகளை நம்பித்தான். அவர் முன்னால் நின்று "நான் பண்ணினேன்" என்று சொல்லி, பெயின்டருக்குப் பாலிஷ் தெரியாது என்று கம்பெனிக்காரன் காதில் விழுந்தால் என் கதி என்ன? நீ மட்டும் கொடி பிடித்துக்கொண்டு நிற்பாய், நான் ஷெட்டுக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. யோசித்துப் பார் என்கிறேன்.

தம்பி

*

மார்ச் 21

சின்னவனுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. வக்கீல் அதற்கு முன்பே வந்துவிட்டுப் போயிருந்தார். கடிதம் முன்பே வந்திருந்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன்.

வந்தவர் உட்காரவில்லை. உட்கார என்ன இருந்தது, டயர்தான். தன் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"பம்பர் என்னோட வேலைங்க. என் கையில சூடு தெரியல, அது எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. பானெட் என்னோடது இல்ல."

"அப்ப பானெட் யாரோடது?"

"அதை நான் சொன்னா கோள் சொல்றது ஆயிடும். செஞ்சவங்க சொன்னாத்தான் அது பதில்."

கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டினார். பிறகு, "நீங்க ரெண்டையும் மறுத்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். ரெண்டையும் ஒத்துக்கிட்டிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றார். வேலை சுலபமாக முடிவது என் பொறுப்பில்லை என்றேன். அதற்கு அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று தெரியவில்லை, வக்கீல்கள் முகத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

"சரி, பம்பரை நீங்களே பாலிஷ் போட்டுச் சரி பண்ணிக் குடுங்க" என்றார். முடியாது என்றேன். வெந்து சுருங்கியது பாலிஷில் போகாது, உரித்துவிட்டுப் புதிதாக ஸ்ப்ரே அடிக்க வேண்டும். பானெட்டுக்கும் அதுதான். "அடிக்கறது யாரு?" என்றார். "என் தம்பிதான். அவனை மாதிரி கறுப்பு அடிக்கிற ஆள் இந்தப் பக்கத்துல கிடையாது. ஒரு தூசி உள்ள விழாது. அடிச்சது நல்லா இறுகினப்புறம் எங்கிட்ட அனுப்பச் சொல்லுங்க, பாலிஷ் என் செலவு" என்றேன். அடுத்து உன்னிடம்தான் வருவார்.

உன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்று குதிக்காதே. உன்னைப் பற்றி நான் அவரிடம் சொன்னது அந்தப் புகழ்ச்சி ஒன்றுதான். அது பொய்யில்லை, உன் ஸ்ப்ரேயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் நான். மற்றதை உன் வாய்க்கு விட்டு வைத்திருக்கிறேன். காம்பவுண்ட் மாறி வந்தது என்றாவது சொல், வண்டிக்கு வயசாகிவிட்டது என்றாவது சொல், உன் இஷ்டம். அப்படிச் சொன்னால், அந்தக் கறுப்பு பானெட்டை என் கண் முன்னால் கொண்டு வராதே. இங்கே வண்டி வராமல் நானும் உன் மருமகளும் கஞ்சி குடித்தாலும் அதைத் தொட மாட்டேன்.

மாடிக்கு வரச் சொன்னாய். அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். வர மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 31

அக்காவுக்கு,

வண்டிக்காரரின் வண்டியில் பானெட்டும் பம்பரும் வருகின்றன. பழைய போர்வையில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது இழுத்துக் கீறிவிடாதே. உரித்து, ப்ரைமர் போட்டு, கறுப்பு அடித்து, கிளியர் அடித்திருக்கிறேன். ஹீட்டர் போட்டு வாட்டி, அதற்கு மேலும் விட்டு வைத்திருந்தேன். உள்ளே மறைந்துவிடும் ஓர் ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடம் விழவில்லை. ஆனாலும் புதுசு புதுசுதான், நீ அவசரப்பட மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

மேட்டில் நானே டேப் ஒட்டியிருக்கிறேன். இரட்டையாக.

கம்பெனிக்காரன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே போகட்டும், என் தலையில் எழுதியது அதுதான் என்றால். ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நிறைய ஈ இருக்கிறது.

பலகை நீ சொன்னபடியே உரிய ஆரம்பித்துவிட்டது. "அக்கா"வில் பாதி தெரிகிறது. போகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள், ஒருத்தர் உள்ளே வந்து "அக்கா வந்துட்டாங்களா?" என்று கேட்டார். இன்னொரு கோட் அடிக்க டப்பாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். புதிதாக எழுதிவிடட்டுமா? நீ சொல்கிற நிறத்தில் எழுதுகிறேன்.

மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள் என் வீட்டுக்காரி. நான் சொல்லிச் செய்யவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 6

சின்னவனுக்கு,

வக்கீல் இங்கே வந்திருந்தார், தன் பானெட் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க. நீ எழுதாமல் விட்டதை அவர் சொன்னார். அவர் உன் ஷெட்டுக்குள் வந்து நின்றதும், வாயைத் திறப்பதற்கு முன்பே, "சார், பானெட் நான் பண்ணினது. டேப்பை எடுத்ததும் நான்தான். அக்கா மேல சொன்னது பொய்" என்றாயாம். அவர் ஏதோ கேட்க வந்தாராம், "வண்டி தர்றதா இருந்தா தாங்க, இல்லைன்னா விடுங்க, இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்று முறைத்தாயாம். "உங்க ரெண்டு பேருக்கும் மன்னிப்புக் கேக்கவே தெரியாதா, திட்டற மாதிரியே ஒத்துக்கறீங்க" என்றார் என்னிடம்.

அவர் போன பிறகு டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். இதை யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக வண்டிக்காரரிடம். நீ சொல்லிவிட்டாயே என்று அழுதேன், அதை என்னிடம் எழுதிப் பீற்றிக்கொள்ளாமல் டேப் ஒட்டி அனுப்பினாயே என்று அழுதேன். அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தினேன், மணிக்கட்டை வைத்தேன், ஆறவிட்டேன். பானெட்டில் குனிந்தால் என் தலைமுடியின் நரை தனித்தனியாகத் தெரிகிறது. நன்றாக அடித்திருக்கிறாய்.

வேலை முடிந்ததும் வக்கீல் மறுபடி வந்து பார்த்துவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அவர் வீட்டுக்காரம்மாவின் சிவப்பு வண்டி என் வாசலில் நின்றது. அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. இந்தப் பக்கம் இனி "எரிச்சுடுவாங்க" என்று யாரும் சொல்லப் போவதில்லை.

அதனால் இப்போது சொல்வதை நான் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் திரும்பி வர மாட்டேன். உன் வீட்டுக்காரியிடம் மாடி அறையை நன்றாகப் பெருக்கியதற்கு நன்றி சொல், அதில் உன் டப்பாக்களை அடுக்கிக்கொள். பாத்திரம் இறக்க ஒரு நல்ல துணி வாங்கிக் கொடு. இங்கே நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன், உன் மருமகள் உத்தரவு. உன் ஷெட்டில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நீ முடிவு செய்வாய், கம்பெனிக்காரன் முடிவு செய்வான், அந்தத் துப்பாக்கி முடிவு செய்யும். இங்கே நான் முடிவு செய்கிறேன். இந்த ருசி கண்ட பிறகு என்னால் வேறு இடத்தில் நிற்க முடியாது. நீ அடித்த வண்டிகளை அனுப்பு, பாலிஷ் போட்டுத் தருகிறேன். என் வேகத்தில்தான் தருவேன். அவசரம் என்றால் அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வா. ஒரு சாண் தூரத்தில் வைத்து நீ பார், பக்கத்தில் நான் மணிக்கட்டை வைக்கிறேன். எது முதலில் போதும் என்கிறதோ அதற்குக் கட்டுப்படுவோம். உன் சாமான் ஜெயித்தால் ஒன்று எனக்கும் வாங்கிக்கொள்கிறேன், அதில் எனக்கு ரோஷம் கிடையாது.

பலகையில் எதையும் புதிதாக எழுதாதே. உரிந்ததை மறைக்கவும் செய்யாதே. பலகையைக் கழற்றி, "அக்கா" முடிகிற இடத்தில் ரம்பம் வைத்து அறு. "தம்பி கார் பாலிஷ்" என்பது உன் வாசலில் இருக்கட்டும். "அக்கா"வை என்னிடம் அனுப்பு. எனக்கு அந்த ஒரு சொல் போதும், மீதி என்ன வேலை என்பது வருகிறவர்களுக்குத் தெரியும்.

அறுக்கும்போது எழுத்து சிதறாமல் இருக்க இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக்கொள். அதன் மேல் நீ அடித்தாயே ஒரு கோட் வெள்ளை, அதில் மீதி ஒட்டிக்கொண்டிருப்பதை நீ சுரண்ட வேண்டாம். அதை நானே எடுப்பேன்.

அக்கா